முகம் தெரியும் படம்

(வளர்கல்வி மையக் கூட்டங்களில் படிப்பதற்கான உரை)

போட்டோ ஸ்டுடியோக்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. ஒரு அம்மா தன் படத்தைக் கையில் வாங்கிப் பார்ப்பார். முகம் இருட்டாக இருக்கும். கண் எது, புருவம் எது என்று தெரியாது. "என்ன தம்பி, இப்படி வந்திருக்கு?" என்று கேட்பார். உடனே பதிலையும் அவரே சொல்லிக்கொள்வார். "நம்ம நிறம் அப்படி. காமிரா என்ன பண்ணும்?"

பணத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். படம் எடுத்தவரும் பேசாமல் இருந்துவிடுவார்.

நண்பர்களே, அந்த அம்மா சொன்னது சரியா? சரியில்லை. குறை அவர் முகத்தில் இல்லை. காமிரா வெளிச்சத்தை அளந்த விதத்தில்தான் குறை. படம் எடுத்தவர் அளக்கும் முறையை மாற்றியிருந்தால், அதே முகம், அதே காமிராவில் தெளிவாக வந்திருக்கும்.

இன்று பலர் கையில் செல்போன் இருக்கிறது. அதில் காமிரா இருக்கிறது. அடையாள அட்டைக்குப் படம் வேண்டும். பிள்ளையின் பள்ளி விண்ணப்பத்துக்குப் படம் வேண்டும். வேலைக்குப் போனாலும் படம் எடுக்கிறார்கள். மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதித் திட்டத்தில், தொழிலாளர்களின் வருகையை செல்போனில் படத்துடன் பதிய வேண்டும் என்பது 2023 ஜனவரி 1 முதல் கட்டாயம் ஆக்கப்பட்டது. காலையில் ஒரு படம், பிற்பகலில் ஒரு படம். அந்தப் படத்தில் முகம் தெரிய வேண்டாமா?

ஆகவே காமிரா வெளிச்சத்தை எப்படி அளக்கிறது என்று தெரிந்துகொள்வது எல்லோருக்கும் பயன்படும். இது கடினமான விஷயம் இல்லை. படி கொண்டு நெல் அளக்கத் தெரிந்தவர்களுக்கு இதுவும் புரியும்.

குழாயும் குடமும்

முதலில் ஒரு கேள்வி. படம் எடுக்கும்போது காமிராவுக்குள் என்ன நடக்கிறது?

குழாயடியில் குடம் வைக்கிறோம் அல்லவா? அதை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் குறைந்தால் குடம் அரைகுறையாக நிற்கும். கூடினால் வழிந்து ஓடும். சரியான அளவில் குழாயை மூட வேண்டும்.

காமிராவும் அப்படித்தான். தண்ணீருக்குப் பதில் வெளிச்சம். வெளிச்சம் குறைந்தால் படம் இருட்டாகும். வெளிச்சம் கூடினால் படம் வெளுத்துப் போகும்.

குழாயை அகலத் திறக்கலாம், கொஞ்சமாகவும் திறக்கலாம். காமிராவின் லென்ஸில் உள்ள துளையும் அப்படிப் பெரிதாகும், சிறிதாகும். இது ஒன்று.

குழாயைக் கொஞ்ச நேரம் திறந்து வைக்கலாம், அதிக நேரமும் வைக்கலாம். காமிராவுக்குள் ஒரு கதவு இருக்கிறது. அதற்கு ஷட்டர் என்று பெயர். அது நொடியில் ஒரு சிறு பங்கு நேரம் திறந்து மூடும். இது இரண்டு.

குடம் சிறியதாக இருந்தால் சீக்கிரம் நிறையும். காமிராவில் ஐ.எஸ்.ஓ. என்று ஓர் எண் உண்டு. அந்த எண்ணைக் கூட்டினால் கொஞ்சம் வெளிச்சமே போதும். ஆனால் படத்தில் மணல் தூவியதுபோலப் புள்ளிகள் தோன்றும். இது மூன்று.

துளை, நேரம், எண். இந்த மூன்றையும் எவ்வளவு வைப்பது? அதைத் தெரிந்துகொள்ளத்தான் வெளிச்சத்தை அளக்க வேண்டும்.

அந்தக் காலத்தில் கண்தான் அளவு

முன்பெல்லாம் காமிராவுக்குள் வெளிச்சம் அளக்கும் கருவி இருப்பது அரிது. படம் எடுப்பவர்கள் வானத்தைப் பார்ப்பார்கள். வெயிலா, மேகமா, நிழலா என்று பார்ப்பார்கள். அனுபவத்தை வைத்து அளவை முடிவு செய்வார்கள். நல்ல வெயிலில், 100 எண் பிலிமுக்கு, துளையை 16 என்ற எண்ணில் வைப்பார்கள். நேரத்தை நொடியில் 125ல் ஒரு பங்காக வைப்பார்கள். படம் சரியாக வரும்.

ஹோமாய் வியாரவாலா என்ற பெண்மணியைப் பற்றிப் பலர் கேள்விப்பட்டிருக்கலாம். அவர் 1913ல் குஜராத்தில் உள்ள நவ்சாரியில் பிறந்தார். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் அவர்தான். 1947 ஆகஸ்டில் நாடு விடுதலை பெற்ற நாட்களை டெல்லியில் படம் பிடித்தார். 2011ல் இந்திய அரசு அவருக்குப் பத்ம விபூஷண் விருது கொடுத்தது. 2012ல் அவர் காலமானார்.

அவர் தொழிலுக்கு வந்த 1930களில் காமிரா தானாக எதையும் முடிவு செய்யாது. படம் எடுப்பவர்தான் வெளிச்சத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். இன்று காமிரா அந்த வேலையைச் செய்கிறது. ஆனால் காமிராவுக்கு ஒரு விஷயம் தெரியாது. அது என்ன?

விழும் வெளிச்சம், திரும்பும் வெளிச்சம்

வெயில் எல்லோர் மேலும் ஒன்றுபோல விழுகிறது. வெள்ளை வேட்டியின் மேல் விழுகிறது. கறுப்பு எருமையின் மேலும் விழுகிறது. விழும் வெளிச்சம் ஒன்றுதான்.

ஆனால் திரும்பி வரும் வெளிச்சம் ஒன்றாக இல்லை. புதிதாகப் பெய்த பனி, தன்மேல் விழும் வெளிச்சத்தில் 100க்கு 80 முதல் 90 பங்கு வரை திருப்பி அனுப்பிவிடும். அதனால் அது வெள்ளையாகத் தெரிகிறது. நிலக்கரி 100க்கு ஏறக்குறைய 5 பங்குதான் திருப்பி அனுப்பும். அதனால் அது கறுப்பாகத் தெரிகிறது.

காமிராவுக்குள் இருக்கும் கருவி, திரும்பி வரும் வெளிச்சத்தை மட்டுமே அளக்கும். குறைந்த வெளிச்சம் வந்தால் அது குழம்பிவிடும். எதிரில் இருப்பது கறுப்புப் பொருளா? அல்லது வெள்ளைப் பொருள் இருட்டில் இருக்கிறதா? அதற்குத் தெரியாது.

ஆகவே காமிரா செய்பவர்கள் ஒரு பொது அளவை வைத்தார்கள். உலகத்தில் பொருட்கள் பலவிதம். வெள்ளை உண்டு, கறுப்பு உண்டு, பச்சை உண்டு, மண்நிறம் உண்டு. எல்லாவற்றையும் சேர்த்துக் கலக்கினால், சராசரியாக ஒரு நடுத்தரமான சாம்பல் நிறம் வரும் என்று வைத்துக்கொண்டார்கள். புகைப்படக்காரர்கள் இதற்கென்றே ஒரு சாம்பல் அட்டை வைத்திருப்பார்கள். அது 100க்கு 18 பங்கு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும்.

காமிரா எதைப் பார்த்தாலும், "இது அந்த நடுத்தரச் சாம்பல் நிறம்தான்" என்று எண்ணிக்கொள்கிறது. அப்படி எண்ணித்தான் வெளிச்சத்தை உள்ளே விடுகிறது.

இதனால் என்ன ஆகும்? வெள்ளையைக் காட்டினால் அதை இருட்டாக்கிச் சாம்பல் ஆக்கும். கறுப்பைக் காட்டினால் அதை வெளுக்க வைத்துச் சாம்பல் ஆக்கும்.

ஒரு முகம், இரண்டு படம்

குஜராத்தில் கச்சின் சிறிய ரண் என்ற பகுதி இருக்கிறது. அங்கே உப்பு விளைவிக்கும் தொழிலாளர்களை அகரியா என்று சொல்வார்கள். சுற்றிலும் வெள்ளை வெளேர் என்று உப்பு. நடுவில் ஒரு தொழிலாளி நிற்கிறார். ஒருவர் அவரைப் படம் எடுக்கிறார்.

காமிரா பெரும்பாலும் உப்பைத்தான் பார்க்கிறது. "அடேயப்பா, எவ்வளவு வெளிச்சம்!" என்று குழாயைச் சீக்கிரம் மூடிவிடுகிறது. உப்பு சாம்பல் நிறமாகிறது. தொழிலாளியின் முகம் கறுப்பாகி, கண் காது தெரியாமல் போகிறது.

அதே தொழிலாளி பிழைப்புத் தேடி ஜார்க்கண்டில் உள்ள தன்பாத்துக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அது நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த ஊர். நிலக்கரிக் குவியலின் முன் அவர் நிற்கிறார். இப்போது காமிரா பெரும்பாலும் கறுப்பைத்தான் பார்க்கிறது. "வெளிச்சமே இல்லையே" என்று குழாயை அதிக நேரம் திறந்து வைக்கிறது. நிலக்கரி சாம்பல் நிறமாகிறது. அவர் முகம் வெளுத்துப் போகிறது.

பார்த்தீர்களா? உப்பின் நடுவே கறுத்த அதே முகம், நிலக்கரியின் முன் வெளுக்கிறது. முகம் மாறவில்லை. வெயிலும் மாறவில்லை. முகத்தைச் சுற்றி இருப்பதுதான் மாறியது. காமிரா முகத்தை அளக்கவில்லை, சுற்றி இருப்பதை அளந்தது.

அப்படியானால் காமிராவுக்கு நாம் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: "இந்த இடத்தைப் பார்த்து அள." அப்படிச் சொல்வதற்குத்தான் டிஜிட்டல் காமிராக்களில் பல அளவு முறைகள் வைத்திருக்கிறார்கள். அவற்றில் முக்கியமானவை மூன்று.

முதல் முறை: முழுப்பட அளவு

காமிரா படம் முழுவதையும் பல கட்டங்களாகப் பிரிக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு வெளிச்சம் என்று பார்க்கும். எல்லாவற்றையும் ஒப்பிட்டு ஒரு முடிவுக்கு வரும். மேலே மட்டும் மிகுந்த வெளிச்சம் இருந்தால், "இது வானமாக இருக்கும்" என்று ஊகிக்கும்.

இந்த முறையை 1983ல் நிக்கான் நிறுவனம் தன் எஃப்.ஏ. என்ற பிலிம் காமிராவில் கொண்டுவந்தது. அது படத்தை 5 பகுதிகளாகப் பிரித்து அளந்தது. 1996ல் வந்த எஃப்5 காமிராவில் 1,005 புள்ளிகளில் நிறத்தையும் சேர்த்து அளக்கும் வசதி வந்தது. இன்றைய டிஜிட்டல் காமிராக்கள் பலவற்றுக்கு, படத்தில் முகம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கவும் தெரியும்.

நிக்கான் காமிராவில் இதற்கு மேட்ரிக்ஸ் என்று பெயர். கேனான் காமிராவில் எவால்யுவேட்டிவ். சோனி காமிராவில் மல்டி. பெயர் வேறு, வேலை ஏறக்குறைய ஒன்று.

இதன் நன்மை என்ன? அவசரத்துக்கு உதவும். திருவிழா, சந்தை, ஓடும் குழந்தை என்று எதையும் யோசிக்காமல் எடுக்கலாம். வெயிலும் நிழலும் கலந்த சாதாரண இடங்களில் நன்றாக வரும்.

இதன் குறை என்ன? அது ஊகம்தான். உப்பளம், பனி மலை, பின்னால் ஜன்னல் வெளிச்சம் போன்ற இடங்களில் ஊகம் தவறலாம்.

இரண்டாவது முறை: நடுப்பட அளவு

இதிலும் காமிரா படம் முழுவதையும் பார்க்கும். ஆனால் நடுப்பகுதிக்கு அதிக மதிப்புக் கொடுக்கும். ஓரங்களுக்குக் குறைந்த மதிப்புக் கொடுக்கும். பஞ்சாயத்துக் கூட்டத்தில் எல்லோரும் பேசலாம், ஆனால் நடுவில் இருக்கும் பெரியவர் பேச்சுக்கு மதிப்பு அதிகம் என்பதுபோல. ஆங்கிலத்தில் இதற்குச் சென்டர் வெயிட்டட் என்று பெயர்.

இது பழைய முறை. பிலிம் காலத்தில் பல ஆண்டுகள் இதுதான் பரவலாக இருந்தது. இதில் காமிரா ஊகம் எதுவும் செய்யாது. எப்போதும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும். அதனால் பழகியவர்களுக்கு, எந்த இடத்தில் எவ்வளவு தவறும் என்று முன்கூட்டியே தெரியும்.

ஒருவரை நடுவில் நிறுத்தி, மார்பளவு படம் எடுக்க இது ஏற்றது. ஆனால் அவர் ஓரத்தில் நின்றால் இது பயன்படாது. நடுவில் இருக்கும் சுவரைத்தான் காமிரா அளக்கும்.

மூன்றாவது முறை: புள்ளி அளவு

இதற்கு ஆங்கிலத்தில் ஸ்பாட் என்று பெயர். காமிரா ஒரு சிறு வட்டத்தை மட்டும் அளக்கும். மற்ற எதையும் பார்க்காது. அந்த வட்டம் முழுப் படத்தில் 100க்கு 1 பங்கு முதல் 5 பங்கு வரை இருக்கும். சில காமிராக்களில் அந்த வட்டம் எப்போதும் நடுவில் இருக்கும். சிலவற்றில் அதை நகர்த்தலாம்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று சொல்வார்கள். புள்ளி அளவு அதுபோலத்தான். ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்க்கிறது. ஆனால் எந்தப் பருக்கையை எடுப்பது என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். சோறும் கல்லும் கலந்து கிடந்தால், கல்லை எடுத்து நசுக்கிப் பார்த்துப் பயன் என்ன? முகத்துக்குப் பதிலாக வெள்ளைச் சட்டையை அளந்தால் முகம் இருட்டாகிவிடும். தலைமுடியை அளந்தால் முகம் வெளுத்துவிடும்.

ராமலீலா நாடகத்தை நினைத்துப் பாருங்கள். வட இந்தியாவில் பல ஊர்களில் இரவு நேரத்தில் நடக்கும். மேடையில் நிற்பவர் முகத்தில் பளீர் என்று விளக்கு. சுற்றிலும் இருட்டு. சுற்றியுள்ள இருட்டையும் சேர்த்து அளந்தால், காமிரா குழாயை அதிக நேரம் திறந்துவிடும். ராமர் முகம் வெள்ளைத் தாள் போல ஆகிவிடும். அப்படி வெளுத்துப்போன இடத்தில் விவரம் எதுவும் இருக்காது. பிறகு கம்ப்யூட்டரில் திருத்தினாலும் அது திரும்பி வராது. இங்கே புள்ளி அளவு கைகொடுக்கும். முகத்தை மட்டும் அளந்தால் போதும்.

இதற்கு நேர்மாறான இடம் ஒன்று. பாட்டி வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் வீட்டுக்குள் இருந்து படம் எடுக்கிறீர்கள். அவருக்குப் பின்னால் தெருவில் வெயில். காமிரா தெருவை அளந்தால் பாட்டி நிழல் உருவம் ஆகிவிடுவார். இங்கும் முகத்தில் புள்ளி அளவு வைக்க வேண்டும். தெரு கொஞ்சம் வெளுக்கும். வெளுத்தால் வெளுக்கட்டும். உங்களுக்குத் தெரு முக்கியமா, பாட்டி முகம் முக்கியமா?

முகத்தை அளந்த பிறகு, காமிராவை நகர்த்துவதற்கு முன் அளவைப் பூட்டும் பொத்தானை அழுத்திக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் நகர்த்திய இடத்தைக் காமிரா மீண்டும் அளந்துவிடும்.

வெள்ளைக்குக் கூட்டு, கறுப்புக்குக் கழி

எந்த முறையில் அளந்தாலும் கடைசியில் ஒரு திருத்தம் செய்யலாம். காமிராவில் கூட்டல் குறியும் கழித்தல் குறியும் சேர்ந்த ஒரு பொத்தான் இருக்கும். கூட்டல் 1 என்று வைத்தால் வெளிச்சம் இரண்டு மடங்காகும். கழித்தல் 1 என்று வைத்தால் பாதியாகும்.

இதற்கு ஒரு சின்ன வாய்ப்பாடு உண்டு. வெள்ளைக்குக் கூட்டு, கறுப்புக்குக் கழி.

காஷ்மீரில் பனியில் நிற்பவரை எடுக்கிறீர்களா? கூட்டல் 1 முதல் 2 வரை வையுங்கள். பனி வெள்ளையாகவே வரும். கேரளத்தில் ஓணம் அன்று வெள்ளைக் கசவுப் புடவை கட்டிய பெண்களை எடுக்கிறீர்களா? புடவை படத்தை நிறைத்திருந்தால் கொஞ்சம் கூட்டுங்கள். கறுப்பு எருமையை அருகில் நின்று எடுக்கிறீர்களா? கழித்தல் 1 வையுங்கள். எருமை கறுப்பாகவே வரும்.

முதலில் கேட்பவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். வெள்ளை ஏற்கெனவே வெளிச்சமாகத்தானே இருக்கிறது, அதற்கு ஏன் கூட்ட வேண்டும்? காமிரா அதைச் சாம்பல் ஆக்கப் பார்க்கிறது அல்லவா? அது குறைத்ததை நீங்கள் திருப்பிக் கொடுக்கிறீர்கள். அவ்வளவுதான்.

வெள்ளைத் துணியின் முன் ஒரு முகம்

இப்போது அடையாளப் படத்துக்கு வருவோம். பாஸ்போர்ட் போன்றவற்றுக்கு வெள்ளைப் பின்னணியில் படம் கேட்கிறார்கள். ஸ்டுடியோவில் வெள்ளைத் துணி கட்டியிருப்பார்கள். மாநிறமோ கறுப்போ உடைய ஒருவர் அதன் முன் உட்காருகிறார்.

படத்தில் பாதிக்கு மேல் வெள்ளை. உப்பளத்தில் நடந்ததுதான் இங்கும் நடக்கும். வெள்ளைத் துணியைப் பார்த்துக் காமிரா குழாயை மூடும். முகம் இருட்டாகும். சிவந்த நிறம் உடையவர் முகம் ஓரளவு தப்பித்துவிடும். கறுத்த நிறம் உடையவர் முகம்தான் அதிகம் அடிபடும். பார்ப்பவர்கள், "கறுப்பு முகம் படத்தில் நன்றாக வராது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அளவின் குறையை முகத்தின் மேல் ஏற்றிவிடுகிறார்கள்.

இதற்குத் தீர்வு கடினமா? இல்லை. முகத்தில் புள்ளி அளவு வைத்து எடுக்கலாம். அல்லது முழுப்பட அளவிலேயே கூட்டல் 1 வைக்கலாம். எடுத்தவுடன் திரையில் பார்த்துக் கொஞ்சம் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். முகத்துக்கு எதிரில் ஜன்னல் வெளிச்சம் படும்படி உட்கார வைக்கலாம். பிலிம் காலத்தில் கழுவிய பிறகுதான் தெரியும். இப்போது ஒரு நொடியில் தெரிகிறது. இன்னொரு படம் எடுக்கப் பிலிம் செலவும் இல்லை.

உள்ளங்கை சொல்லும் கணக்கு

புள்ளி அளவில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அதையும் சொல்ல வேண்டும். புள்ளி அளவும் எதையும் சாம்பலாகத்தான் எண்ணும். நல்ல கறுப்பு முகத்தை அளந்தால், அதை உள்ளதைவிட வெளுக்க வைக்கும். நல்ல சிவந்த முகத்தை அளந்தால், அதை உள்ளதைவிட இருட்டாக்கும்.

அப்படியானால் எந்த முகத்துக்கும் பொருந்தும் அளவு ஏதாவது இருக்கிறதா? இருக்கிறது. அது உங்கள் கையிலேயே இருக்கிறது.

உள்ளங்கையைப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவர் உள்ளங்கையையும் பாருங்கள். முகத்தின் நிறம் ஆளுக்கு ஆள் மாறும். உள்ளங்கையின் நிறம் அவ்வளவாக மாறாது. உள்ளங்கை, அந்தச் சாம்பல் அட்டையைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும்.

ஆகவே அனுபவம் உள்ள புகைப்படக்காரர்கள் ஒரு வேலை செய்வார்கள். படம் எடுக்கப்படுபவர் முகத்தில் விழும் வெளிச்சமே தன் உள்ளங்கையிலும் விழும்படி கையை நீட்டுவார்கள். உள்ளங்கையில் புள்ளி அளவு எடுப்பார்கள். கூட்டல் 1 வைப்பார்கள். அந்த அளவைப் பூட்டிக்கொண்டு படம் எடுப்பார்கள். கறுத்தவர் கறுத்தவராகவே தெளிவாக வருவார். சிவந்தவர் சிவந்தவராகவே வருவார். யாரையும் இருட்டாக்க வேண்டாம், யாரையும் வெளுக்க வைக்கவும் வேண்டாம்.

சில ஸ்டுடியோக்களில் கம்ப்யூட்டரில் முகத்தை வெளுத்துக் கொடுக்கிறார்கள். செல்போனிலும் அப்படிச் செய்யும் செயலிகள் உண்டு. அது திருத்தம் ஆகாது. ஆளையே மாற்றுவது. நல்ல படம் என்பது வெள்ளையான படம் அல்ல. கண்ணும் சிரிப்பும் நெற்றிச் சுருக்கமும் உள்ளபடி தெரியும் படம்தான் நல்ல படம்.

அளவை யார் வைத்தார்கள்?

இந்தக் குறை இந்தியாவில் மட்டும் இல்லை. அமெரிக்காவில் கோடாக் நிறுவனம் 1950களில் இருந்து வண்ணப்படம் போடும் கடைகளுக்கு ஓர் அட்டை அனுப்பியது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருக்கும். ஷர்லி அட்டை என்று அதற்குப் பெயர். அந்தப் பெண்ணின் முகம் சரியாக வந்தால் போதும், நிறம் சரி என்று முடிவு செய்வார்கள். கறுப்பு மக்களின் முகம் எப்படி வருகிறது என்று பார்க்க அந்த அட்டை உதவாது. 1990களில்தான் பல நிற மக்கள் சேர்ந்து இருக்கும் அட்டை வந்தது.

2021ல் கூகுள் நிறுவனம் தன் பிக்சல் 6 செல்போனில் ரியல் டோன் என்ற வசதியைக் கொண்டுவந்தது. கறுத்த முகங்களை உள்ளபடி காட்ட வேண்டும் என்பதே அதன் நோக்கம். அதற்கு முன் வந்த காமிராக்கள் அதைச் சரியாகச் செய்யவில்லை என்பதற்கு இதுவே சாட்சி.

படியைச் செய்தவர் தன் கைக்கு ஏற்ற படியைச் செய்தார். நெல் குறைந்தபோது, நெல்லைக் குறை சொன்னார்கள். இப்போதுதான் படியைத் திருத்தத் தொடங்கியிருக்கிறார்கள்.

செல்போனில் செய்வது எப்படி?

பெரிய காமிரா இல்லாதவர்களும் இதைச் செய்யலாம். பல செல்போன்களில், படம் எடுக்கும் முன் திரையில் முகத்தின் மேல் விரலால் ஒரு முறை தொட்டால், செல்போன் அந்த இடத்தைப் பார்த்து அளக்கும். தொட்ட இடத்தில் ஒரு கட்டமோ வட்டமோ தோன்றும். பக்கத்தில் சூரியன் போன்ற ஒரு குறி தோன்றினால், அதை மேலே தள்ளினால் வெளிச்சம் கூடும், கீழே தள்ளினால் குறையும். விரலைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் பல செல்போன்களில் அளவு பூட்டிக்கொள்ளும்.

வேலைத் தளத்தில் குழுப் படம் எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொழிலாளர்களுக்குப் பின்னால் சூரியன் இருந்தால் எல்லா முகமும் இருட்டாகும். அவர்களைத் திரும்பி நிற்கச் சொல்லுங்கள். கண் கூசினால் மர நிழலில் நிற்கச் சொல்லுங்கள். பிறகு ஒரு முகத்தைத் தொட்டு அளந்து எடுங்கள். அனுப்புவதற்கு முன் படத்தைத் தொழிலாளர்களிடம் காட்டுங்கள். தொழிலாளர்களும் கேட்டுப் பார்க்கலாம். "என் முகம் தெரியவில்லை, இன்னொரு தடவை எடுங்கள்" என்று சொல்வதில் வெட்கம் எதுவும் இல்லை.

செய்து பாருங்கள்

நண்பர்களே, கேட்டதைக் கையால் செய்து பார்த்தால்தான் மனதில் நிற்கும். மையத்தில் ஒரு செல்போன் இருந்தால் போதும்.

1. ஒரு வெள்ளைத் துணியை வெயிலில் விரியுங்கள். திரை முழுவதும் துணி மட்டும் தெரியும்படி படம் எடுங்கள். பிறகு கறுப்புத் துணியை அதேபோல எடுங்கள். இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெள்ளை மங்கியிருக்கிறதா? கறுப்பு வெளுத்திருக்கிறதா?

2. ஒருவரை வாசலில், வெளிச்சத்துக்கு முதுகு காட்டி நிற்கச் சொல்லுங்கள். முதலில் அவருக்குப் பின்னால் உள்ள வெளிச்சத்தைத் தொட்டுப் படம் எடுங்கள். பிறகு அவர் முகத்தைத் தொட்டுப் படம் எடுங்கள். இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

3. ஐந்து பேர் உள்ளங்கையைச் சேர்த்து நீட்டுங்கள். பிறகு புறங்கையைத் திருப்புங்கள். எது அதிகம் மாறுகிறது?

4. ஊரில் உள்ள ஸ்டுடியோவுக்குப் போகும்போது, "முகத்தைப் பார்த்து அளந்து எடுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். படம் எடுப்பவருக்கு அந்த வார்த்தை புரியும்.

இனிமேல் படத்தில் ஒரு முகம் இருட்டாக வந்தால், அந்த முகத்தைப் பார்த்து யாரும் வருத்தப்பட வேண்டாம். காமிரா எந்த இடத்தை அளந்தது என்று கேளுங்கள். அளவைத் திருத்தி, இன்னொரு படம் எடுக்கச் சொல்லுங்கள்.